ஆஞ்சியோபிளாஸ்டியின்போது இதய ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால்? உயிர் காக்கும் ‘கவர்டு ஸ்டென்ட்’ பற்றி முழு விளக்கம்

ஆஞ்சியோபிளாஸ்டி இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை. அப்பாவுக்கோ மாமாவுக்கோ ‘ஒரு ஸ்டென்ட் வெச்சிருக்காங்க’ என்று சொல்லாத நண்பர்கள் குறைவு. பலர் இரண்டு, மூன்று நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் சிகிச்சைக்கு முன் குடும்பத்தினரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில், அரிதாக ரத்தக்குழாயில் துளை ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். அவசரத்தில் பெரும்பாலானோர் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். அப்படி ஒரு துளை விழுந்தால், அதை உள்ளிருந்தே அடைக்க மருத்துவர்கள் கையில் எடுக்கும் முக்கியமான கருவிதான் கவர்டு ஸ்டென்ட், அதாவது உறையிட்ட ஸ்டென்ட்.

அது எப்படி வேலை செய்கிறது, ஏன் எல்லோருக்கும் பயன்படுத்துவதில்லை, அதை வைத்துக்கொண்டு வாழ்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரத்தக்குழாயில் துளை எப்படி விழுகிறது?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளின் உள்விட்டம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். இந்தக் குழாய்க்குள் கொழுப்பும் கால்சியமும் படிந்து அடைத்துக்கொள்ளும்போது, மணிக்கட்டு அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி, அதன் மேல் பலூனை நகர்த்தி, அடைப்பு உள்ள இடத்தில் ஊதி விரிக்கிறார்கள். பிறகு அந்த இடம் மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள்.

பலூனை ஊதும் அழுத்தம் சாதாரணமானதல்ல. ஸ்டென்ட்டை விரிக்க 12 முதல் 16 வளிமண்டல அழுத்தம் வரை கொடுப்பது வழக்கம். சில சமயம் இன்னும் அதிகமாகவும் போகும். ஒப்பிட்டுப் பார்க்க, கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 வளிமண்டலம்தான். குழாய்ச் சுவர் ஒரு பக்கம் கல் மாதிரி கால்சியம் படிந்தும், மறுபக்கம் மென்மையாகவும் இருந்தால், அழுத்தம் முழுவதும் மென்மையான பக்கத்தில் இறங்கும். அங்கே கிழிய வாய்ப்பு உண்டு. குழாயின் அளவைவிடப் பெரிய பலூனோ ஸ்டென்ட்டோ வைத்தாலும் இதே ஆபத்துதான்.

இரண்டாவது காரணம், வழிகாட்டும் கம்பி. அதன் தடிமன் சுமார் 0.36 மில்லிமீட்டர். அதன் நுனி குழாயின் கடைசிக் கிளைக்குள் அதிக தூரம் போய்விட்டால் சுவரைக் குத்தி வெளியே வந்துவிடலாம். பல மாதங்களாக முழுவதும் அடைபட்ட குழாயைத் திறக்கும்போதும், கால்சியத்தைச் சுரண்டி எடுக்கும் சுழல் கருவியைப் பயன்படுத்தும்போதும் ஆபத்து கூடுகிறது. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இது சற்று அதிகமாக நடப்பதாகத் தரவுகள் காட்டுகின்றன.

எவ்வளவு அடிக்கடி நடக்கிறது?

ரொம்ப அரிது. பிரிட்டனில் 2006 முதல் 2013 வரை நடந்த 5,27,121 சிகிச்சைகளின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, 1,762 பேருக்குத் துளை ஏற்பட்டது தெரியவந்தது. அதாவது 0.33 சதவீதம். ஆயிரம் பேருக்குச் சிகிச்சை செய்தால் சுமார் மூன்று பேர்.

இதற்கு முன், 1994-இல் அமெரிக்க இதயநோய் நிபுணர் ஸ்டீபன் எல்லிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 12,900 சிகிச்சைகளில் 62 துளைகள் பதிவாகின. சுமார் 0.5 சதவீதம். அதில் ஒரு முக்கியமான பிரிப்பும் இருந்தது. வெறும் பலூன் பயன்படுத்தியவர்களில் 0.1 சதவீதம் பேருக்குத்தான் துளை விழுந்தது. அடைப்பைச் செதுக்கி எடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தியவர்களில் அது 1.3 சதவீதம். கருவியும் அடைப்பின் தன்மையும் மாறினால் ஆபத்தும் மாறுகிறது.

இந்த எண்களை ஒரு மருத்துவமனையின் கோணத்தில் பார்க்கலாம். ஆண்டுக்கு 500 ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடம் என்று வைத்துக்கொள்வோம். 0.33 சதவீதக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு துளைகள்தான் வரும். அதிலும் கவர்டு ஸ்டென்ட் தேவைப்படுவது ஒரு பகுதியினருக்குத்தான். ஆக, அந்தக் குழுவில் உள்ள ஒருவர் ஆண்டுக்கணக்கில் இந்தக் கருவியைத் தொடாமலே வேலை பார்த்திருக்கலாம். அலமாரியில் இருக்கும் கவர்டு ஸ்டென்ட் பயன்படுத்தாமலே காலாவதி ஆகியிருக்கலாம். ஆனால் தேவைப்படும் அந்த ஒரு நாளில் நிமிடக் கணக்கில் கைக்கு வந்தாக வேண்டும். இந்தச் சிகிச்சையின் உண்மையான சவால் இங்கேதான் இருக்கிறது.

சின்ன ஓட்டைதானே, ஏன் இவ்வளவு ஆபத்து?

கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் வெளியே போகும். இதயத்தில் அப்படிப் போக வழியில்லை. இதயத்தைச் சுற்றி பெரிகார்டியம் என்ற உறை இருக்கிறது. அதற்குள் இயல்பாகச் சில தேக்கரண்டி திரவம்தான் இருக்கும். அந்த உறை சட்டென்று விரிந்துகொடுக்காது.

துளையிலிருந்து பீறிடும் ரத்தம் இந்த உறைக்குள் தேங்கும்போது, அது வெளியிலிருந்து இதயத்தை அமுக்குகிறது. ரத்தம் வேகமாகச் சேர்ந்தால் 100 முதல் 200 மில்லிலிட்டரே போதும், அதாவது ஒரு டம்ளர் கூட நிரம்பாத அளவு. இதய அறைகள் விரிய முடியாமல் போகும், உள்ளே ரத்தம் நிரம்பாது, ரத்த அழுத்தம் சரியும். இதைத்தான் டாம்போனேட் என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் இதயம் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கருவிகள் மேல் ரத்தம் உறையாமல் இருக்க, சிகிச்சை தொடங்கும்போதே ஹெபாரின் ஊசி போட்டிருப்பார்கள். ஆகவே கசிவு தானாக நிற்பதும் கடினம்.

ஏற்கெனவே பைபாஸ் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அந்த உறை திறக்கப்பட்டிருப்பதால் ஆபத்து இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அது சரியல்ல. அவர்களுக்கு ரத்தம் ஒரே மூலையில் கட்டிக்கொண்டு, இதயத்தின் ஒரு அறையை மட்டும் அமுக்கலாம். ஊசி வைத்து அதை எடுப்பதும் எளிதல்ல.

எல்லா ஓட்டையும் ஒன்றா?

இல்லை. எல்லிஸ் குழு 1994-இல் கொடுத்த வகைப்பாட்டைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

முதல் வகை: குழாய்ச் சுவரில் ஒரு குழி மாதிரித் தெரியும், ஆனால் வெளியே கசிவு இருக்காது.

இரண்டாம் வகை: குழாயைச் சுற்றி சாயம் லேசாகப் படர்ந்து தெரியும், ஆனால் பீறிடாது.

மூன்றாம் வகை: 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட துளை வழியாகச் சாயம் பீறிட்டு வெளியேறும். உயிருக்கு உடனடி ஆபத்து இதில்தான்.

இவை தவிர, கசிவு இதய உறைக்குள் போகாமல், இதய அறை போன்ற வேறொரு வெற்றிடத்துக்குள் போகும் வகையும் உண்டு. அதை மூன்றாம் வகையின் உட்பிரிவாக வைத்திருக்கிறார்கள்.

முதல் வகையில் பெரும்பாலும் கண்காணிப்பு போதும். இரண்டாம் வகையில் பலூனை வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் பல சமயம் அடங்கிவிடும். கவர்டு ஸ்டென்ட் பற்றிய பேச்சு முக்கியமாக மூன்றாம் வகையில்தான் வருகிறது.

முதல் சில நிமிடங்களில் கேத் லேபில் என்ன நடக்கும்?

திரையில் சாயம் குழாயை விட்டு வெளியே பீறிடுவது தெரிந்த உடனே செய்யும் முதல் வேலை, பலூனை அந்த இடத்திலோ அதற்குச் சற்று முன்னாலோ வைத்து ஊதி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது. வீட்டில் பைப் உடைந்தால் முதலில் கேட் வால்வை மூடுவோமே, அது மாதிரி.

ஆனால் இந்த வால்வை ரொம்ப நேரம் மூடி வைக்க முடியாது. அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை ரத்தம் இல்லாமல் தவிக்கும். நெஞ்சுவலி வரும், இசிஜி மாறும், இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் சில நிமிடங்கள் ஊதி வைத்து, நோயாளி தாங்கும் அளவைப் பார்த்து, இறக்கி, மறுபடி ஊதுவார்கள்.

அதே நேரத்தில் இன்னொருவர் எக்கோ கருவியை வைத்து இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்கிறதா என்று பார்ப்பார். சேர்ந்து அழுத்தம் விழுந்தால், மார்பெலும்புக்குக் கீழே ஊசி செலுத்தி ரத்தத்தை வெளியே எடுப்பார்கள். தேவைப்பட்டால் அந்த ரத்தத்தையே நோயாளியின் சிரை வழியாகத் திருப்பி ஏற்றுவதும் உண்டு. ஹெபாரினின் வேலையை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் கம்பியும் பலூனும் குழாய்க்குள் இருக்கும்போதே அதைக் கொடுத்தால் அவற்றின் மேல் ரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால், எப்போது கொடுப்பது என்பதை யோசித்துத்தான் முடிவெடுப்பார்கள். அறுவை சிகிச்சைக் குழுவுக்கும் தகவல் போயிருக்கும்.

பலூன் அழுத்தத்திலேயே கசிவு நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அடுத்தது கவர்டு ஸ்டென்ட்.

கவர்டு ஸ்டென்ட் என்றால் என்ன?

சாதாரண ஸ்டென்ட் ஒரு வலை. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். குழாயைத் தாங்கிப் பிடிக்க அது போதும், ஓட்டையை அடைக்காது. கவர்டு ஸ்டென்ட்டில் அந்த வலையைச் சுற்றி ரத்தம் ஊடுருவாத மெல்லிய உறை இருக்கும். துளை உள்ள இடத்தில் விரித்தால், உறை சுவரோடு ஒட்டி ஓட்டையை மூடிவிடும், நடுவே ரத்தம் வழக்கம்போல் ஓடும். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வித்தியாசம், இங்கே ஒட்டு உள்பக்கமாகப் போடப்படுகிறது.

இந்த யோசனை கடைகளில் கிடைக்கும் பொருளாக மாறுவதற்கு முன், 1990-களில், நோயாளியின் உடலிலிருந்தே ஒரு துண்டு சிரையை எடுத்து ஸ்டென்ட் மேல் சுற்றிப் பொருத்திப் பார்த்த மருத்துவர்களும் உண்டு. அவசரத்தில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது என்பது வெளிப்படை.

பிறகு வந்ததுதான் ‘கிராஃப்ட்மாஸ்டர்’. இரண்டு ஸ்டீல் ஸ்டென்ட்டுகளுக்கு நடுவே ஒரு பாலிமர் படலத்தை சாண்ட்விச் மாதிரி வைத்த அமைப்பு அது. நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் டெஃப்லான் தெரியும்தானே, அந்தப் பொருளின் விரிக்கப்பட்ட வடிவம்தான் இந்தப் படலம். அமெரிக்காவின் எஃப்டிஏ 2001-இல் இதற்கு அனுமதி கொடுத்தது. இரண்டு அடுக்கு உலோகம் என்பதால் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும். வளைந்து நெளிந்த குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போவது கஷ்டம்.

இதே வேலைக்கு எஃப்டிஏ அடுத்த கருவியை அனுமதிக்க 17 ஆண்டுகள் ஆகின. 2018 செப்டம்பரில் அனுமதி பெற்ற ‘பிகே பாபிரஸ்’ ஒரே ஒரு கோபால்ட்-குரோமியம் ஸ்டென்ட்டின் மேல் பாலியூரித்தேன் இழைகளால் ஆன உறையைக் கொண்டது. ஒற்றை அடுக்கு என்பதால் மெலிதானது, வளைந்து கொடுப்பது. குதிரையின் இதய உறைத் திசுவை உறையாகக் கொண்ட கவர்டு ஸ்டென்ட்டும் உலகச் சந்தையில் உண்டு.

பொருத்துவதில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல் பாதை. துளையைப் பலூன் அடைத்துக்கொண்டிருக்கிறது. கவர்டு ஸ்டென்ட் உள்ளே போக வேண்டுமானால் பலூனை எடுக்க வேண்டும். எடுத்தால் மறுபடி ரத்தம் பீறிடும். இதற்கு மருத்துவர்கள் கண்டுபிடித்த வழிக்கு ‘பிங்-பாங்’ முறை என்று பெயர். இன்னொரு ரத்தக்குழாய் வழியாக இரண்டாவது கேத்தட்டரைக் கொண்டுவந்து, அதன் வழியே கவர்டு ஸ்டென்ட்டைத் தயாராக வைத்துக்கொள்வார்கள். முதல் கேத்தட்டரில் உள்ள பலூனைச் சில நொடிகள் மட்டும் இறக்கி, ஸ்டென்ட்டை உள்ளே நகர்த்தி விரித்துவிடுவார்கள். உள்ளே போதுமான இடம் இருந்தால் ஒரே கேத்தட்டரிலும் இதைச் செய்ய முடியும்.

இரண்டாவது, அளவு. கேத்தட்டர்களின் தடிமனை ‘ஃபிரெஞ்ச்’ என்ற அலகில் சொல்வார்கள். 1 ஃபிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். பிகே பாபிரஸில் 4 மில்லிமீட்டர் வரையிலான அளவுகள் 5 ஃபிரெஞ்ச் கேத்தட்டரிலேயே போகும். கிராஃப்ட்மாஸ்டருக்குக் குறைந்தது 6 ஃபிரெஞ்ச் வேண்டும், பெரிய அளவுகளுக்கு 7. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் அலமாரியில் இருக்கும் ஸ்டென்ட், நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருக்கும் கேத்தட்டருக்குள் நுழையாவிட்டால், அதை மாற்றுவதற்கே பொன்னான நிமிடங்கள் போய்விடும்.

மூன்றாவது, கிளைகள். உறை ஓட்டையை மட்டும் மூடாது, அந்த நீளத்தில் பிரியும் எல்லாக் கிளைகளையும் மூடிவிடும். பெரிய கிளை ஒன்று மூடினால் அந்தப் பகுதித் தசைக்கு மாரடைப்பு வரும். ‘உயிரா, கிளையா’ என்று கணக்குப் போட வேண்டிய நிலை அது.

நான்காவது, எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. கம்பி நுனி குத்திய துளை பெரும்பாலும் நூல் மாதிரி மெலிந்த கடைசிக் கிளையில் இருக்கும். அவ்வளவு சின்ன இடத்துக்குக் கவர்டு ஸ்டென்ட் போகாது. அங்கே நுண்ணிய உலோகச் சுருள்களையோ, நோயாளியின் தோலுக்கடியில் இருந்தே எடுத்த சிறு கொழுப்புத் துணுக்குகளையோ அனுப்பி அந்தக் கிளையை அடைப்பார்கள். சில சமயம் அந்தக் கிளை பிரியும் வாசலில், தாய்க்குழாயில் கவர்டு ஸ்டென்ட்டை வைத்து வாசலையே மூடுவதும் உண்டு.

ஓட்டையை அடைத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா?

உடனடி ஆபத்து முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் கவர்டு ஸ்டென்ட்டைக் காப்பாளனாக்கும் அதே குணம்தான் பின்னால் தொந்தரவும் கொடுக்கிறது.

சாதாரண ஸ்டென்ட் வைத்த பிறகு, வலையின் இடைவெளிகள் வழியாகக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் வளர்ந்து கம்பிகளைப் போர்த்திவிடும். அதன்பின் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருளாகத் தெரியாது. ஊடுருவ முடியாத உறையில் இந்த வளர்ச்சி ஓரங்களிலிருந்துதான் மெல்ல உள்ளே வர வேண்டும். அதுவரை உறையின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து நீடிக்கும். அப்படி உறைந்தால் அது திடீர் மாரடைப்பாக மாறலாம். ஓரங்களில் மறுபடி சுருக்கம் விழும் வாய்ப்பும், இன்று வழக்கத்தில் உள்ள மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளைவிட இவற்றில் அதிகம்.

எனவே ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் போன்ற இரண்டாவது மாத்திரையையும் தவறாமல் எடுப்பது இவர்களுக்குக் கூடுதல் முக்கியம். இரட்டை மாத்திரைகளை வழக்கத்தைவிட நீண்ட காலம் தொடரச் சொல்வதும் உண்டு. பல் பிடுங்கவோ, வேறு சிகிச்சைக்கோ போகும்போது இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

இது பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் எவ்வளவு வலுவானது?

நியாயமான கேள்வி. ஒரு மாத்திரையைச் சோதிப்பது மாதிரி, நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குக் கவர்டு ஸ்டென்ட், மற்றவர்களுக்கு இல்லை என்று ஆய்வு செய்ய முடியாது. ரத்தம் பீறிடும்போது சீட்டுக் குலுக்க யாருக்கும் மனம் வராது.

அதனால்தான் எஃப்டிஏ இவற்றை ‘மனிதாபிமான விலக்கு’ என்ற தனி வழியில் அனுமதித்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 8,000 பேருக்கு மேல் பாதிக்காத அரிய நிலைகளுக்கான கருவிகளுக்கு உரிய வழி இது. முழுமையான பலனை நிரூபிக்கத் தேவையில்லை. பாதுகாப்பும், ஆபத்தை மிஞ்சும் பலன் இருக்கக்கூடும் என்பதும் தெரிந்தால் போதும்.

பிகே பாபிரஸ் விஷயத்தில் எஃப்டிஏ பார்த்தது 80 பேரின் தரவு. அதில் 76 பேருக்கு ஸ்டென்ட்டைத் துளை உள்ள இடம் வரை கொண்டுபோக முடிந்தது. 73 பேருக்குத் துளை அடைபட்டது. அதாவது 91.3 சதவீதம். இருந்தும் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் அந்த 80 பேரில் உண்டு. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் 80 பேர் என்பது சிறிய தொகை என்பதையும் மறக்கக் கூடாது.

இந்தியாவில் விலை?

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவரம்பு நிர்ணயித்தபோது, பட்டியலில் இரண்டே பிரிவுகள்தான் இருந்தன. சாதாரண உலோக ஸ்டென்ட்டுக்கு ரூ. 7,260. மருந்து பூசியவைக்கும் கரையும் வகைக்கும் ரூ. 29,600. இந்தத் தொகைகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. கவர்டு ஸ்டென்ட் என்ற தனிப் பிரிவு அந்த உத்தரவில் இல்லை.

அதே உத்தரவின்படி, ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், பேட்ச் எண் ஆகியவற்றை மருத்துவமனை பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். அவசரத்தில் பயன்படுத்திய கவர்டு ஸ்டென்ட்டுக்கும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அது தேவைப்படும்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

மாரடைப்போடு ஆம்புலன்ஸில் போகும்போது கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது, கேட்கவும் தேவையில்லை. அங்கே அடைப்பைத் திறப்பதுதான் முக்கியம். ஆனால் தேதி குறித்துச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் சில கேள்விகள் கேட்கலாம்.

• அடைப்பில் கால்சியம் அதிகமா? முழுவதும் அடைபட்ட குழாயா? துளை விழும் ஆபத்து சராசரியைவிட அதிகமா?

• கவர்டு ஸ்டென்ட் இங்கேயே ஸ்டாக்கில் இருக்கிறதா, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

• அவசர அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் இங்கேயே வசதி உண்டா, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா?

சிகிச்சை முடிந்த பிறகும் கவனம் தேவை. சில துளைகள், குறிப்பாகக் கம்பி நுனியால் ஏற்பட்டவை, மெல்லக் கசிந்து சில மணி நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும். மூச்சுத்திணறல், தலைசுற்றல், காரணமில்லாத வியர்வை, நெஞ்சுவலி இருந்தால் ‘கேஸ் ட்ரபிளா இருக்கும்’ என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

கவர்டு ஸ்டென்ட் வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதன் பெயர், அளவு, எந்தக் குழாயில் வைத்தது என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு ஊரில், வேறு மருத்துவர் பார்க்கும்போது, அது சாதாரண ஸ்டென்ட் இல்லை என்பதை அவர் உடனே தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆஞ்சியோபிளாஸ்டியே வேண்டாம் என்று பயப்படத் தேவையில்லை. ஆயிரத்தில் சுமார் 997 பேருக்கு இந்தத் துளையே விழுவதில்லை. மீதி மூன்று பேருக்கு முடிவைத் தீர்மானிப்பது, கேத் லேபில் இருப்பவர்கள் அதை எத்தனை சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், சரியான கருவி அலமாரியில் இருக்கிறதா என்பவைதான். உங்கள் இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.